மதினியின் டெலிபோன் ஆடுபுலி

பல வருஷமாக இதை எழுத நினைத்துப் பேப்பரில் பிள்ளையார் சுழி போடுவேன். அதோடு பேனாவை மூடி வைத்துவிடுவேன். இன்னொரு வீட்டுப் பெண்ணைப் பற்றி, சாக்கு விற்கிறவன், எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன் எழுதலாமா என்ற கூச்சம் ஒன்று. கம்ப்யூட்டர் சமாச்சாரத்தைத் தப்பாக எழுதி விவரம் தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்களோ என்பது இன்னொன்று. போன கார்த்திகைக்கு முருகன் சன்னதியில் விளக்குப் போட்டுவிட்டு நிற்கிறேன், பக்கத்தில் ஒருத்தர் இந்தக் கதையையே வேறு மாதிரியாக யாருக்கோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதில் மதினி இல்லை. ஒரு மலைக்காட்டுக் கிழவனும் ஒரு மிஷினும்தான் இருந்தார்கள். மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். தப்பிருந்தால் முருகன் பொறுத்துக்கொள்வான்.

பேர் எழுத மாட்டேன். பேர் போட்டால் மதினி எங்கே இருந்தாலும் கேட்பாங்க, "ஏன் கொழுந்தனாரே, என் பேரை எழுதுறதுக்கு முந்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீரா?" என்று.

போடியில் ஏலக்காய்க் கடைகள் இருக்கிற தெருவில் எனக்குச் சாக்குக் கடை. பக்கத்துக் கடை அண்ணனுடையது. கூடப் பிறந்த அண்ணன் இல்லை, பழக்கத்தில் அண்ணன். மலையிலிருந்து காய் வாங்கித் தரம் பிரித்து ஏலத்துக்கு அனுப்புவார். அவர் சம்சாரம்தான் மதினி. மலைமேல் ஒரு எஸ்டேட்டில் பிறந்து, மதுரையில் காலேஜ் படித்து, போடிக்கு வாழ வந்தவர்.

மதினியிடம் ஒரு குணம் உண்டு. யார் எங்கே கிளம்பினாலும், திரும்பி வருவதற்கு என்ன ஏற்பாடு என்று முதலில் கேட்பாங்க. போகிற விஷயம் அதற்கு அப்புறம்தான். காலையில் காய் எடுக்கப் போகிற பெண்டுகளை ஏற்றிக்கொண்டு ஜீப்பு மலைக்குக் கிளம்பும். மதினி ஜீப்புக்கு முன்னால் போய் நின்றுகொள்வாங்க.

"தம்பி, சாயங்காலம் இவங்களை யாரு எறக்கிக் கொண்டாருவா?"

"நான்தான்க்கா."

"உன் வண்டி மேல நின்னு போச்சுன்னா?"

"வண்டி இன்னும் இங்கேயே கெளம்பலக்கா!"

"கெளம்பிருச்சுன்னா கேக்க முடியாதுல்ல. சொல்லிட்டுக் கெளம்பு."

உள்ளே உட்கார்ந்திருக்கிற பெண்டுகள் சிரிப்பார்கள். ஆனால் மதினி நிற்கிற அன்றைக்கு, சாயங்காலம் புளியமரத்தடியில் வண்டிக்காகக் காத்துக் கிடந்தோம் என்று அவர்களில் ஒருத்தரும் சொன்னதில்லை.

மழையில் யாராவது குடை கேட்டால் கொடுக்க மாட்டாங்க. குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்துபோய் அவங்க வீட்டு வாசலில் விட்டுவிட்டு வருவாங்க. "குடையைக் கொடுத்தா குடை வராது. நான் கூட வந்தா ரெண்டும் திரும்பி வரும்" என்பாங்க. ஒரு தடவை பழனிக்குப் பாதயாத்திரை போக எங்கள் தெருவில் பேசிக்கொண்டிருந்தோம். எந்த நாள் கிளம்புவது என்றே முடிவாகவில்லை. மதினி அதற்குள் திரும்பி வருவதற்கு வேன் பேசிவிட்டாங்க.

"முருகன் பாத்துக்குவான் மதினி. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றேன்.

"போறப்ப முருகன் கூட வருவாரு கொழுந்தனாரே. திரும்பி வர்றப்ப அவரு அங்கேயே தங்கிக்குவாரே!"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் தரிசனம் முடிந்து இறங்கினால், பஸ்சுக்கு அடிதடி. வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, அந்த வேனும் அவன் கருணைதான் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன்.

இன்டர்நெட் எல்லாம் போடிக்கு வராத காலம் அது. கணக்குப் பார்க்க அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கினதோடு சரி, தொட்டதில்லை. மதினிதான் தொட்டாங்க. போன் வயரை அதில் மாட்ட மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி. கடைப் போன் நம்பருக்கு இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டால், மதினியின் கம்ப்யூட்டரே போனை எடுக்கும். கூப்பிட்டவர் திரையில் எழுத்து வரும். ஏல விலை, மலையில் மழை, ரோட்டில் மரம் விழுந்த சேதி எல்லாம் அதில் படிக்கலாம், எழுதியும் வைக்கலாம். புல்லட்டின் போர்டு என்று அதற்குப் பேர். ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் உள்ளே இருக்க முடியும். அப்போது வேறு யார் கூப்பிட்டாலும் எங்கேஜ் சத்தம்தான் கேட்கும். கடை திறக்காத நேரத்தில் மட்டும் அதை நடத்திக்கொள்ள அண்ணன் சம்மதித்திருந்தார்.

சேதி மட்டும் படித்தால் சலிப்புத் தட்டும் என்று, மதினி அதில் ஒரு மெனு வைக்க ஆரம்பித்தாங்க. பச்சைக் காய் காய்ந்தால் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட ஒன்று. மழை அளவு பதிய ஒன்று. நல்ல நேரம் பார்க்க ஒன்று. அதற்கு என் பஞ்சாங்கத்தைத்தான் வாங்கி வைத்துத் தட்டினாங்க. ராகு காலத்தில் அந்த வேலையை ஆரம்பிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன், சிரிக்காமல் கேட்டுக்கொண்டாங்க. கடைசியாக ஆடுபுலி ஆட்டம். மதுரையில் கூடப் படித்த சிநேகிதி எழுதி பிளாப்பியில் அனுப்பினது. ஒருத்தர் ஆட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் போனால், இன்னொருத்தர் அப்புறம் வந்து புலியை நகர்த்தலாம்.

இதெல்லாம் போர்டுக்குள்ளேயே இருக்கிறது இல்லை, தனித் தனிப் புரோகிராம் என்றாங்க. எனக்கு விளங்கவில்லை.

"இங்க பாரும். நான்தான் போர்டுன்னு வச்சுக்கிடும். என் கடைக்கு ஒருத்தர் வந்து சாக்கு வேணுங்கிறாரு. உம்ம கடைக்குப் போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டு, நான் கடையைச் சாத்திட்டுத் தூங்கிர்றேன். வேலை முடிஞ்சதும் நீரு என்னை எழுப்பி அவரை என்கிட்ட விடணும்."

"விட்டுட்டாப் போச்சு."

"அவரு பாதிப் பேச்சுல தெருவுல எறங்கிப் போயிட்டாரு. நீரு அதைக் கவனிக்காம, 'எத்தனை சாக்கு அய்யா, எத்தனை சாக்கு அய்யா'ன்னு கேட்டுக்கிட்டே நிக்கிறீரு. நான் எந்திரிப்பேனா? போனை யாராவது கீழ வைப்பாங்களா?"

"நான் எதுக்கு மதினி அப்படி நிக்கப் போறேன்?"

"நீரு நிக்க மாட்டீரு. புரோகிராம் நிக்கும்."

அதனால் மெனுவில் எதைச் சேர்த்தாலும், புரோகிராமை ஓட விடுகிற வரிகளில் கடைசி வரியைத்தான் முதலில் அடிப்பாங்க. வேலை முடிந்து போர்டுக்குத் திரும்பு என்கிற வரி அது. அதற்கு அப்புறம்தான் எங்கே போகணும், எதை ஓட்டணும் என்கிறதெல்லாம். மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழாக, "போயிட்டு வாங்க" என்று வரும். திரும்பி வந்ததும் "வந்துட்டீங்களா, நல்லது" என்று வரும். அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு அந்த மோடத்துக்கு நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

கூப்பிடுகிறவர்களில் தினமும் தவறாமல் வருகிறவர் மதினியின் அப்பா. மலைமேல் எஸ்டேட்டில் ரைட்டர், ஆட்களை வேலைக்குப் பிரித்துவிட்டு எடையும் பதிகிற வேலை. எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவரே பழகிக்கொண்டார். சம்சாரம் தவறினதிலிருந்து பேச்சை விட்டுவிட்டார். மதினி போன் போட்டால், "ம்" என்பார். "சாப்பிட்டீங்களாப்பா?" என்றால், "ம்." அப்புறம், "வைக்கிறேன்." கீழே வந்து இருங்கள் என்றால் அதற்கும் "ம்" தான், வர மாட்டார். ஆனால் காலையில் ஆட்களைப் பிரித்துவிட்டதும் போர்டுக்கு வந்து ஒரு ஆட்டை நகர்த்துவார். முன்னே காய் காயப்போடுகிற களத்தில் கரிக்கோடு கிழித்து அவரும் சம்சாரமும் ஆடுவார்களாம். அந்த அம்மாதான் புலி. இப்போது மதினி புலி.

"தினம் ஒரு ஆடு நகருது பாரு, எங்கப்பா எந்திரிச்சிட்டாரு, தெம்பா இருக்காருன்னு எனக்கு அதுலதான் தெரியுது" என்று என் சம்சாரத்திடம் சொல்லியிருக்காங்க.

தொந்தரவும் அந்த ஆட்டத்தில்தான் வந்தது. அவர் ஆடிவிட்டுப் போன பிறகு, போன் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தது. அண்ணன் கடையைத் திறந்து ரிசீவரை எடுத்தால் சத்தமே இருக்காது. மதினி வந்து கம்ப்யூட்டரை அமர்த்தி, அதாவது அணைத்துவிட்டு, மறுபடி எழுப்பினால்தான் சரியாகும். ஒரு நாள் மதினி தேனிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. பம்பாய் வியாபாரி காலையெல்லாம் கூப்பிட்டு, எங்கேஜ் எங்கேஜ் என்றே கேட்டு, வேறு கடையில் லோடு பேசிவிட்டார். அண்ணன் குதித்துவிட்டார்.

"இன்னொரு தடவை மாட்டுச்சு, வயரைப் புடுங்கி, மிஷினை உங்க சாக்குலயே கட்டிருவேன் தம்பி!" என்றார் என்னிடம். நான் என்ன செய்தேன்?

மதினி காவல் புரோகிராம் ஒன்று போட்டாங்க. எதிராளி லைன் அறுந்துபோனால், அது கவனித்து, ஓடுகிறதை மூடிவிட்டு போர்டை எழுப்புமாம். அதைச் சோதிக்க என்னை மூலையிலிருந்த எஸ்டிடி பூத்துக்கு விரட்டினாங்க. மதினி உள்ளே ஒவ்வொரு புரோகிராமாக மாட்டவிட்டு அறுப்பாங்க, நான் கடை நம்பரைப் போட்டு, எங்கேஜா மணியா என்று ஓடிவந்து சொல்லணும். முதல் தடவை மணி அடித்தது. அடுத்த நிமிஷம் காதுக்குள் பன்றியை அறுக்கிற மாதிரி அந்த மோடத்தின் கத்தல். ரிசீவரைப் போட்டுவிட்டு முருகா என்று கும்பிட்டேன்.

பூத்துக்காரர் கேட்டார், "எந்த ஊருக்குப் போட்டீங்க?"

"பக்கத்துக் கடைக்கு."

"பக்கத்துக் கடைக்கா? நடந்து போயிரலாமே!"

"நடந்துதான்யா வந்தேன்!"

எல்லாப் புரோகிராமும் ஒழுங்காகத் திரும்பியது. ஆடுபுலிக்கு மட்டும் காவல் புரோகிராம் செல்லவில்லை, சிநேகிதி எழுதின விதம் அப்படி. ஆனால் ஆட்டத்திலிருந்து வெளியே வருவதற்கென்றே ஒரு எழுத்து இருந்தது. அதை அமுக்கினால் அழகாகப் போர்டுக்கு வந்துவிடும். மதினி அமுக்கிப் பார்த்தாங்க, தேவாரம் ஊரிலிருந்து கூப்பிடுகிற டாக்டரும் அமுக்கிப் பார்த்தார். எல்லோருக்கும் வந்தது. அப்பா ஆடினால் மட்டும் மாட்டியது.

அண்ணன் கொஞ்சம் இறங்கி வந்தார். "போர்டு இருக்கட்டும். அந்த ஆடுபுலியை மட்டும் மெனுவுல இருந்து தூக்கிரு. அடுத்த ஏலத்துக்கு முந்தி தூக்கிரணும்."

மதினிக்கு அதைத் தூக்க மனசில்லை. ஆட்டத்தை எப்படி முடிக்கிறீங்க என்று அப்பாவிடம் போனில் கேட்டால், "ம்." போன் மாட்டுகிற விஷயத்தை அவரிடம் சொல்லவும் பயம். சொன்னால் ஆட்டத்தை விட்டுவிடுவார். அப்புறம் அவர் எழுந்தாரா, படுத்தாரா என்று யாரிடம் கேட்பது?

அந்த வாரம் எனக்கு அந்த எஸ்டேட்டுக்குச் சாக்கு ஏற்றிக்கொண்டு போகிற சோலி வந்தது.

"கொழுந்தனாரே, அப்பா ஆட்டம் முடிச்சு என்ன பண்றாருன்னு பக்கத்துல நின்னு பாத்துட்டு வாரும். ஒண்ணும் கேக்க வேணாம்" என்றாங்க மதினி. அப்புறம், "திரும்பி வர்றதுக்கு ஜீப்பு பேசிட்டேன்" என்றாங்க.

முந்தின நாளே மேலே போய்விட்டேன். காலையில் எங்கும் பனி மூட்டம். ஆட்கள் அதற்குள் புகுந்து காட்டுக்குப் போனார்கள். ரைட்டர் மாமா ஆபீஸுக்கு வந்து காலைக் கழுவி, திருநீறு பூசி, கம்ப்யூட்டர் மேல் மூடியிருந்த பழைய சேலைத் துணியை எடுத்து மடித்து வைத்தார். நம்பரைப் போட்டார். என் காதை நான் பொத்திக்கொண்டேன். ஆட்டம் வந்தது. வெகுநேரம் யோசித்து ஒரு ஆட்டை நகர்த்தினார். திரையில் கீழே ஒரு வரி வந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, சுவரில் இருந்த போன் வயரைப் பிடுங்கினார்.

கேட்க வேண்டாம் என்று மதினி சொன்னதெல்லாம் எனக்கு மறந்தேபோயிற்று.

"என்ன மாமா, வயரைப் புடுங்குறீங்க!"

"இன்னைக்கு மதி, போதும். ஒரு ஆடு நகத்தியாச்சு."

"வெளிய வர ஒரு எழுத்து இருக்காமே?"

"இருக்கு, தெரியும். அது என்ன சொல்லச் சொல்லுதுன்னு நீரு வாசிச்சீரா?"

எழுத்து இன்னும் திரையில் நின்றது. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். "பி: போறேன்."

"மக வீட்டுல இருந்து எந்திரிக்கிறப்ப எந்த அப்பனாச்சும் போறேன்னு சொல்லுவானாய்யா?" மாமா என்னைப் பார்க்காமல் துணியை உதறினார். "செவ்வா வெள்ளின்னு பாக்காம தினம் அவ வாசல்ல அந்த வார்த்தையைப் போட்டுட்டு வரச் சொல்றீரா? மிஷினுக்கு நான் பண்றது ஆகாதுன்னு எனக்கும் தெரியும். மிஷினுக்காக மகளுக்கு அச்சானியம் பண்ண முடியுமா? அதான், வாயைத் தொறக்காம எந்திரிச்சு வந்திர்றேன்."

என் வீட்டிலும் யாராவது வாய் தவறிப் போறேன் என்றால், "வர்றேன்னு சொல்லு" என்று திருப்பிச் சொல்ல வைப்பேன். ஆனால் ஒரு மிஷினில் எழுத்தை அமுக்குவதும் சொல்வதுதான் என்று எனக்குத் தோன்றியிருக்காது. அந்தப் போர்டை அவர் மகள் வீடாகவே நினைத்திருக்கிறார்.

இறங்கி வந்து மதினியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரித்து முடிக்கிறதுக்குள் முந்தானை கண்ணுக்குப் போய்விட்டது.

"அந்த எழுத்தை எத்தனை வாட்டி அமுக்கியிருப்பேன்! வேலை செய்யுதான்னு பாத்தேனே தவிர, என்ன சொல்லச் சொல்லுதுன்னு வாசிக்கலையே கொழுந்தனாரே!"

சிநேகிதி எழுதினதைத் திறந்து அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அவங்களே மாற்றினாங்க. இப்போது 'வி' எழுத்து: போயிட்டு வர்றேன்.

ஏலத்துக்கு முந்தின நாள் காலை. அண்ணன் வெள்ளனவே கடைக்கு வந்து, மோடத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வயரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பம்பாய்க்காரர் கடை திறக்கிற நேரத்துக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். மாட்டினால் அடுத்த நொடி பிடுங்கிவிடுவார், அத்தோடு ஆடுபுலி கிடையாது. நான் மனசுக்குள் சஷ்டி கவசம் சொன்னேன்.

மணி அடித்து, கத்தி, நின்றது. மாமா ஆடுகிறது எங்களுக்கும் திரையில் தெரிந்தது. ஒரு ஆடு நகர்ந்தது. கீழே வரி வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் அசையவில்லை.

"நின்னுருச்சு" என்றார் அண்ணன், வயரை இறுக்கிக்கொண்டு.

"நிக்கல. வாசிக்கிறாரு" என்றாங்க மதினி.

வெகுநேரம் வாசித்தார். அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார். அப்போது 'வி' விழுந்தது. ஆட்டம் மறைந்து, மெனு வந்து, "வந்துட்டீங்களா, நல்லது" என்று நின்றது. மாமா லைனை விட்டுவிட்டார், மோடத்தில் விளக்கு அணைந்தது. அண்ணன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். எங்களுக்கே கேட்டது, டயல் சத்தம்.

ரிசீவரை வைத்தார், உடனே மணி அடித்தது. "பாம்பே!" என்று பாய்ந்து எடுத்தவர் முகம் மாறி, மதினியிடம் நீட்டினார்.

"உங்கப்பா."

மதினி வாங்கி, "அப்பா?" என்றாங்க. பக்கத்தில் நின்ற எனக்கே அவர் குரல் கேட்டது. அந்தக் குரலில் அத்தனை சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"மோளே, நேத்து புலியை அந்த மூலையில கொண்டுபோய் ஏன் வச்ச? ரெண்டு பக்கமும் ஆடு நிக்குது, எப்படி வெளிய வருவ? உங்கம்மா அப்படி வச்சிருப்பாளா? அவ நடுவுல நின்னுக்கிட்டு என்னை என்ன பாடு படுத்துவா தெரியுமா? ஒரு நாளு மழையில கோடு அழிஞ்சிருச்சு, அப்பவும் விட்டாளா..."

மதினி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாங்க. "ம்" என்றாங்க. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "ம்." மாமா பேசிக்கொண்டே இருந்தார். அண்ணன் கடிகாரத்தைக் காட்டினார், கையை ஆட்டினார், பம்பாய் பம்பாய் என்று வாயசைத்தார். மதினி திரும்பவே இல்லை.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"அந்த டப்பா மாட்டிக்கிட்டாக்கூட அமத்தி எழுப்பலாம் தம்பி. இந்த மனுசனை எதைய்யா அமத்துறது?" என்றார். திட்டுகிற குரல்தான், முகத்தில் சிரிப்பு. "நான் பூத்துல இருந்து பம்பாய்க்குப் பேசிக்கிறேன். அவளை யாரும் தொந்தரவு பண்ணாதீங்க."

ஆடுபுலி மெனுவிலேயே இருந்தது. பிறகு காலம் மாறி, போர்டு போய், அண்ணன் கடையைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு கோயமுத்தூர் பக்கம் போய்விட்டார். எங்கே இருந்தாலும் முருகன் அவர்களை நன்றாக வைத்திருக்கட்டும்.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். கிழவருக்கு மிஷின் தெரியாது என்று சேர்க்காதீர்கள், அவர் தெரிந்துதான் வயரைப் பிடுங்கினார். மதினியைப் பெரிய மேதை என்றும் ஏற்றிச் சொல்ல வேண்டாம், அது அவங்களுக்குப் பிடிக்காது. வேறு எதை மறந்தாலும், மதினி புலியைத் தப்பான மூலையில் வைத்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்கத்தான் அவர் போன் போட்டார்.